கண்ணாடியில் குடியேறிய கூட்டுப்புழு

ஸ்ரீரங்கம்,
18-5-1961, வியாழன்

சிரஞ்சீவி மாப்பிள்ளை பராசரனுக்கு, மைத்துனன் ஆயிரம் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் பெரிய பெருமாள் சௌக்கியமாகப் பள்ளிகொண்டிருக்கிறார். இவ்வூரில் நிம்மதியாகப் படுத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

வேதாவை ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றி அனுப்பவும், திங்கள் முதல் கணக்கு வாத்தியார் வருகிறார் என்ற தங்கள் கார்டு கிடைத்தது. தலைமேல் வைத்துக்கொண்டேன். ஆனால் நாலே நாலு நாள் அவகாசம் வேண்டி இந்த விண்ணப்பம். காரணத்தைக் கேட்டால் தாங்களே எட்டு நாள் கொடுப்பீர்கள்.

தங்கள் புத்திரியைக் கொள்ளிடக் கரைத் தென்னந்தோப்பில் நடக்கும் குழந்தைகள் கோடை முகாமில் சேர்த்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே ரோசரி டீச்சர் என்று ஓர் அம்மாள். சித்திரமும் இயற்கை விஞ்ஞானமும் அவருக்கு ஒரே பாடம். பார், வரை, தப்பாக வரைந்தாயா, மறுபடி போய்ப் பார், அவ்வளவுதான். முப்பது குழந்தைகள் பென்சிலோடு கிளம்பியதிலிருந்து கொள்ளிடத்தில் எந்தக் கொக்கும் ஊன்றிய காலை மாற்றுவதில்லை, படம் கெட்டுவிடுமாம். நம் வேதாவுக்கு வாய்த்தது நாரத்தை இலையில் ஒரு பச்சைப் புழு. அது சாப்பிட்ட சாப்பாட்டை நான் எந்தக் கல்யாணப் பந்தியிலும் பார்த்ததில்லை. கொல்லை நாரத்தை மொட்டை. தொட்டால் சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டும். காண்டாமிருகம் அதனிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். அந்தப் புழு சென்ற வாரம், வேதா அதை வளர்த்த டப்பாவை விட்டு ஓடி எங்கே போய்க் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொண்டது தெரியுமா? நான் தினம் பார்த்து நாமம் இட்டுக்கொள்ளும் திருமண் பெட்டி மூடியின் உள்கண்ணாடியில், சரியாக என் மூக்கு தெரிய வேண்டிய இடத்தில்.

"தொடாதீங்கோ மாமா, செத்துப்போயிடும்" என்று வேதா குறுக்கே பாய்ந்தாள். டீச்சரிடம் முறையிட்டேன். "மூடியை அசைச்சுடாதீங்க சார். பத்து நாளும் ஆகும், பதினஞ்சு நாளும் ஆகும், பட்டாம்பூச்சி வந்துடும்" என்று தீர்ப்பாயிற்று. நானோ தென்கலை, நாமத்துக்கு மூக்கின்மேல் பாதம் இருந்தே ஆக வேண்டும். மூக்கைப் பார்க்காமல் இட்டதில் திங்களன்று பாதம் விட்டுப்போய், அப்பழுக்கற்ற வடகலையாக உத்தர வீதியில் நடந்திருக்கிறேன். எதிரே பிறவி வடகலை சாரங்கபாணி.

"ஓய், எங்க பக்கம் வந்துட்டீரா? சொல்லியிருந்தா மேளத்தோட அழைச்சிருப்பேனே."

"இல்லை ஓய், பாதம் இருக்கற இடத்துல புழு உக்காந்துண்டிருக்கு."

"அப்போ பாதத்தை ஆத்துல விட்டுட்டு நடந்தே வந்தீராக்கும்."

நானூறு வருஷத் தகராறு என் நெற்றியில் தீர்ந்துவிட்டதாக மலைக்கோட்டை வரை பேச்சு. அது போகட்டும். வேதாவின் நோட்டில் புழு, தோலுரித்த புழு, கூடு என்று நாளுக்கொரு பக்கம் படம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'வெளியே வந்த நாள்' என்று தலைப்பு மட்டும், கீழே வெள்ளை. தங்கள் கார்டு வந்ததிலிருந்து குழந்தை அழவில்லை, அழுதால் தேற்றலாம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "சீக்கிரம் வாயேன்" என்று அதைக் கெஞ்சுகிறாள். ஆகவே நாலு நாள், மாப்பிள்ளை. கணக்கு எங்கும் பறந்துபோகாது.

தங்களுக்கும் என் தங்கை கோமளத்துக்கும் பெருமாள் தீர்க்காயுசையும், கார்டு எழுதும் வேளையில் கொஞ்சம் இரக்கத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
அழகியமணவாளன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் கூடு வெடித்துவிட்டது. கறுப்பில் மஞ்சள் புள்ளி. ஈர இறக்கையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, வேதா வரைந்து முடித்த பிறகே ஜன்னல் வழியாகப் போயிற்று. "ஞாயித்துக்கிழமையே ஊருக்குப் போறேன் மாமா, அப்பாட்ட நோட்டைக் காமிக்கணும்" என்கிறாள். ஆகவே மேற்கண்ட காரணங்கள் யாவும் ரத்து. ஆனாலும் அந்த நாலு நாளைத் தாங்கள் கொடுத்தே ஆக வேண்டும். என் அகத்துக்காரி ரங்கம்மா குழந்தையின் டிரங்குப் பெட்டியை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். அவள் ஒருத்தியால் தூக்கக்கூடிய பெட்டி இல்லை அது. மறுபக்கம் பிடித்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.