மாப்பிள்ளையிடம் ஐடி கார்டு கேட்ட விஷயம்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நரேஷ் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் பச்சைமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் பாஞ்சாலியும் பிள்ளை சங்கமித்ராவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். தங்கவயலில் நீங்களும் தங்கச்சி சோனியாவும் குட்டிப்பயல் யுவனும் நன்றாக இருக்க வேண்டும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, தங்கச்சியையும் எடுக்க விடுவதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

நடந்தது இதுதான் மாப்பிள்ளை. சங்கமித்ராவின் இங்கிலீஷ் டீச்சர் குளோரியா மிஸ் மனப்பாடம் செய்ய வைக்கிற ஆள் இல்லை. பிராஜெக்ட் கொடுப்பார், பிள்ளைகள் அதைச் செய்து பேசிப் பேசிக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை கொடுத்தது, 'வீட்டுக்கு வந்தவரை வரவேற்றல்'. ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் இங்கிலீஷிலேயே பேச வேண்டும், நிஜமான விருந்தாளி வரும்போது செல்போனில் படம் பிடிக்க வேண்டும், வீட்டார் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் எடுத்தது வீண். எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? கேபிள்கார உமேஷ்கூட வரவில்லை. கடைசி நாள் சாயங்காலம், பிள்ளை அழுகிற சமயத்தில், யுவனுக்குக் காது குத்துகிறோம் என்று சொல்லி அழைக்கத் தட்டும் வெற்றிலைபாக்குமாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

என் இடத்தில் நின்று பாருங்கள். பிள்ளை போனைத் தூக்கிவிட்டாள். "டாடி, இங்கிலீஷ்! ஸ்டார்ட்!" என்றாள். தொம்மலூரில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவன் வாயில் என்ன வரும்? "யெஸ் சார், ஹூம் டு மீட்?" என்று வந்துவிட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டே, "இன்னா மச்சான், வெளையாடுறீங்களா?" என்றீர்கள். நான் "ஐடி கார்டு ப்ளீஸ்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். கை பழக்கத்தில் நீண்டு, "ஓபன் பேக்" என்று உங்கள் பையைத் தடவியது. பாஞ்சாலியாவது காப்பாற்றுவாள் என்று திரும்பினேன். அவள் அபார்ட்மெண்டில் வீட்டுவேலை செய்கிறவள், அவளுக்குப் பழகின இங்கிலீஷ் "மேடம் ஸ்லீப்பிங், கம் டுமாரோ". அதையே சொன்னாள். உங்கள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தாய்மாமன் மடியிலதான் புள்ளய உக்கார வெக்கணும்னு ரயிலேறி வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். வேற மடி பாத்துக்கறோம்" என்று தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள். எதிர்வீட்டு லட்சுமம்மா மட்டும் உங்களைப் பார்த்து "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டது. சாப்பிட்டாயா என்கிற அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. நான் தெருமுனை வரை ஓடி "வாங்க மாப்பிள்ளை" என்று தமிழில் கத்தியபோது ஆட்டோ திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஆளை வாசலில் நிறுத்துகிற இங்கிலீஷ். உள்ளே வா, உட்கார் என்று அந்தப் பாஷையில் எங்களை யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் எங்களுக்கும் கூப்பிடத் தெரியவில்லை. சோனியாவின் பிள்ளைக்கு நான் ஒருத்தன்தான் மாமன். காது குத்தும்போது அவன் அழுது பிடிக்கிற சட்டை என் சட்டையாக இருக்க வேண்டும், அந்தப் பாக்கியத்தை மட்டும் பறித்துவிடாதீர்கள். பிராஜெக்டும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம், இங்கிலீஷ் இனி நம் வாசப்படி ஏறாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தங்கச்சிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். யுவனின் இரண்டு காதுக்கும் முத்தம். உங்களுக்கு மறுபடியும் கும்பிடு.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
பச்சைமுத்து

பின்குறிப்பு: நான் வேண்டாம் என்று சொல்வதற்குள்ளேயே வீடியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாம். வகுப்பிலேயே இதுதான் இயல்பாக இருந்தது என்று குளோரியா மிஸ் முதல் மார்க் கொடுத்துவிட்டார். அடுத்த பிராஜெக்ட், 'உறவினரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம்'. எழுதினால் மட்டும் போதாது, அவருடைய பதிலையும் வாங்கி ஒட்ட வேண்டுமாம். சங்கமித்ரா இதை எட்டிப் படித்து இங்கிலீஷில் எழுதி, உடன் வைத்திருக்கிறாள். பிள்ளை ரொம்ப ஆசைப்படுகிறாள் மாப்பிள்ளை. மன்னிப்பதாக இருந்தால், தயவுசெய்து இங்கிலீஷில் மன்னிக்கவும்.