மாப்பிள்ளை ஏறின டீசல் கார்

அன்னைக்கு சனிக்கிழமை. தண்டலத்துல ஒரு பழைய டீசல் கார் விலைக்கு வருதாம். போய்ப் பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். அவ்ளோதான் வேலை.

கார் எனக்கில்ல, எங்க அண்ணன் தேவராஜுக்கு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பந்தல், மைக் செட், ஜெனரேட்டர்னு எல்லாம் வாடகைக்கு விடறவரு. கல்யாண ஊர்வலத்துக்கு வெளியூர்லேந்து காரும் வரவழைச்சுக் குடுப்பாரு. எண்பதுகளோட ஆரம்பம் அது. பெட்ரோல் விக்கிற விலையில கார்க்காரங்க கேட்ட வாடகை அவருக்குக் கட்டுப்படியாகல.

"சொந்தமா ஒண்ணு வாங்கிடப் போறேன். பெருசா, பாக்க பந்தாவா இருக்கணும். டீசல்ல ஓடணும். கம்மியா குடிக்கணும். பாதி வழியில காலை வாரக்கூடாது"ன்னாரு.

எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது எங்க வீட்டுல இவ்ளோ கண்டிஷன் போடல.

சரி, நான் எதுக்கு? நான் மிஷன் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். டீசல் எஞ்சின் பாடம் எடுக்கறவ. போர்டுல படம் போட்டு, கலர் சாக்பீஸ்ல அம்புக்குறி வரைஞ்சு, அழகா எடுப்பேன். அதனால எங்க குடும்பத்துல எஞ்சின் விஷயத்துக்கு நான்தான் கோர்ட்டு. நெசமான எஞ்சினை நான் கிட்டப் போய்ப் பாத்ததே இல்லன்றதை யாரும் கேக்கல. நானும் சொல்லல.

அண்ணனோட லாரி டிரைவர் முனுசாமியையும் கூட்டிக்கிட்டு போனோம்.

கார்க்காரர் பேரு பாலசுந்தரம். டீ எஸ்டேட்டுல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அந்த வெயில்லயும் கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாரு. பின்னாடி கார். வெளிநாட்டுல செஞ்சது, க்ரீம் கலரு, ஜன்னலுக்கெல்லாம் திரை. கம்பெனி பேரு வேணாம், நடந்ததுக்கு அவங்க பொறுப்பில்ல.

"பாத்தீங்களா, ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது"ன்னு எஞ்சினைப் போட்டுக் காட்டினாரு. டடக் டடக்குன்னு அரிசி மில்லு மாதிரி சத்தம்.

நான் கையைக் கட்டிக்கிட்டு தலையை ஆட்டினேன். டயரை ஒரு தடவை தட்டினேன். டயரை ஏன் தட்டணும்னு எனக்குத் தெரியாது, எல்லாரும் தட்டுவாங்க.

"பானட்டைத் தொறங்க, எஞ்சினைப் பாக்கணும்"னேன்.

"பானட் தொறக்காதும்மா. தொறக்க அவசியமே வந்ததில்ல. அவ்ளோ ரிலயபிள் வண்டி."

இதைக் கேட்டதும் நான் அங்கேயே திரும்பி நடந்திருக்கணும். அண்ணன் என் காதுல, "பாத்தியா பாப்பா, பானட்டைக் கூட தொறக்கத் தேவையில்லயாம்"னு சந்தோஷமா சொன்னாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

உள்ள ஏறி ஒக்காந்தேன். மெத்துன்னு இருந்துச்சு. ஸ்டீரிங் பக்கத்துல ஒரு கறுப்புக் குமிழ். ரேடியோன்னு நெனச்சு இழுத்தேன்.

குமிழ் கையோட வந்துடுச்சு. கூடவே ஒரு முழத்துக்கு கம்பியும்.

"அய்யய்யோ, அதுதாம்மா எஞ்சினை நிறுத்துற குமிழு"ன்னாரு பாலசுந்தரம்.

சாவியைத் திருப்பினாரு. லைட்டு அணைஞ்சுது. எஞ்சின் அது பாட்டுக்கு டடக் டடக். அந்தக் காலத்து டீசல் கார்ல சாவிக்கும் எஞ்சினுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது, குமிழை இழுத்தாத்தான் நிக்குமாம். நான் வரையற படத்துல அந்தக் குமிழ் இல்ல.

முனுசாமி அலட்டிக்கவே இல்ல. "இன்னா பெரிய மேட்டரு. டாப் கியர்ல போட்டு, பிரேக்கை அமுக்கிக்கினு கிளட்சை வுட்டா தானா செத்துடும்."

"கியர் பாக்ஸ் போச்சுன்னா?"ன்னு கேட்டாரு பாலசுந்தரம். "அப்புறம் வண்டி உங்களுது. நான் சொல்ற விலைதான்."

அண்ணன் இன்னும் பேரத்தையே ஆரம்பிக்கல. "முனுசாமி, அதைத் தொடாத"ன்னாரு.

ஊர்ல இருந்த ஒரே டீசல் மெக்கானிக் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. அப்ப வேற வழி? டீசல் தீர்ற வரைக்கும் விட வேண்டியதுதான். இந்த யோசனை என்னோடது. சயின்ஸ்.

அதுக்குள்ள பாலசுந்தரத்தோட சம்சாரம் நெத்தியில தைலம் தடவிக்கிட்டு வெளிய வந்தாங்க. "எனக்கு மண்டை தெறிக்குது. எங்கயாவது ஓட்டித் தீத்துட்டு வாங்க. நீங்களும் கூடப் போங்க"ன்னு புருஷனையும் சேத்து அனுப்பிட்டாங்க.

சுங்குவார்சத்திரம் வரைக்கும் போனோம். திரும்பினோம். ஒரகடம் ரோட்டுல போனோம். திரும்பினோம். டீசல் முள்ளு வேலை செய்யல, எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியல. சாப்பாட்டு நேரம் போச்சு. வண்டி நிக்கல.

"ரொம்ப கம்மியாத்தான் குடிக்குது"ன்னு அண்ணன் மொதல்ல பெருமையா சொன்னாரு. அப்புறம் அதையே கடுப்பா சொன்னாரு. கடைசியில, "இது குடிக்குமா குடிக்காதா?"ன்னாரு.

பாலசுந்தரம் முன் சீட்டுல கோட்டோட தூங்கிட்டாரு.

சாயங்காலம் அண்ணனுக்கு ஊர்ல வேலை இருந்துச்சு. சடகோபன் சாரோட பொண்ணுக்குக் கல்யாணம், மறுநாள் காலையில முகூர்த்தம். அன்னைக்கு சாயங்காலம் கோயில் பக்கத்துலேந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். பந்தல், லைட்டு, கார் எல்லாம் அண்ணன் பொறுப்பு. எஞ்சின் ஓட ஓட அங்கேயே போய் நின்னோம்.

வரவேண்டிய வாடகைக் கார் வரல. மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டு மாலையோட தெருவுல நிக்கறாரு. சடகோபன் சார் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாரு. எங்க காரைப் பாத்தாரு.

"பேஷ். தேவராஜ், இவ்ளோ பெரிய வண்டியா ஏற்பாடு பண்ணிருக்கே? மாப்பிள்ளையை ஏத்துங்கோ."

அண்ணன் வாயைத் தொறக்கறதுக்குள்ள கார் மேல பூச்சரம் தொங்குது, மாப்பிள்ளை பின் சீட்டுல என் பக்கத்துல ஒக்காந்திருக்காரு. நான் அவசரமா அந்தப் பக்கக் கதவு வழியா எறங்கினேன். இல்லன்னா ஊர் தப்பா நெனச்சிருக்கும்.

முன் சீட்டுல தூங்கிக்கிட்டிருந்த பாலசுந்தரத்தை யாரும் எழுப்பல. கோட்டைப் பாத்துட்டு பொண்ணு வீட்டுக்காரங்க அவரை மாப்பிள்ளையோட பெரியப்பான்னு நெனச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணோட மாமான்னு நெனச்சாங்க. ரெண்டு பக்கமும் பன்னீர் தெளிச்சதுல முழிச்சுக்கிட்டாரு. நெத்தியில சந்தனம், கழுத்துல மாலை. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல மனுஷன். கும்பிட்டாரு.

ஊர்வலம் நகந்துது. முன்னாடி நாதஸ்வரம், பின்னாடி டடக் டடக். தவில்காரர் மொதல்ல மொறைச்சுப் பாத்தாரு. ரெண்டு தெரு தாண்டினதும், பாவம், எஞ்சின் தாளத்துக்கே வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

வழியில சாமி மண்டபத்துல மாப்பிள்ளைக்கு மாலை போடறதுக்காக நின்னப்ப, அவரோட அம்மா எங்க கிட்ட வந்தாங்க. "எஞ்சினைச் சித்த அணைக்கப்படாதோ? மேளமே கேக்கலையே."

எங்க அண்ணன் பொய் சொல்லமாட்டாரு. யோசிக்க நேரம் குடுத்தா. இப்ப குடுக்கல.

"அணைக்கக்கூடாதும்மா. மாப்பிள்ளை ஏறின வண்டி நடுவுல நின்னா ராசியில்ல."

மாமி கண்ணு விரிஞ்சுது. "அப்படியா? எங்காத்துல யாரும் சொன்னதில்லையே. நல்லவேளை சொன்னேள். அப்போ தாலி கட்டற வரைக்கும் ஓடிண்டே இருக்கட்டும்."

அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் கோபுரத்தைப் பாத்தேன். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சு, ஆனா அந்த நேரத்துக்கு எந்த சாமியா இருந்தாலும் சரின்னு இருந்துச்சு.

மண்டபம் வந்துது. மாப்பிள்ளை எறங்கி உள்ள போனாரு. கார் வாசல்ல நின்னு டடக் டடக். மாமி உள்ளேந்து எட்டிப் பாத்து, காதுல கையை வெச்சுக் கேட்டுட்டு, திருப்தியா போனாங்க.

அப்பதான் அது இருமிச்சு. ரெண்டு குலுக்கு. நின்னுடுச்சு.

காலையிலேந்து எதுக்காக வேண்டிக்கிட்டோமோ அது நடந்துடுச்சு. மூணு பேரும் பேயறைஞ்ச மாதிரி நின்னோம்.

"டீசல் ஊத்து, டீசல் ஊத்து"ன்னு அண்ணன் பதறறாரு.

"ஊத்தினா ஆவாதுண்ணா"ன்னான் முனுசாமி. "டீசலு சுத்தமா தீந்துட்டா லைன்ல காத்து பூந்துக்கும். அந்தக் காத்தை எடுக்கணும்னா பானட்டைத் தொறக்கணும்."

பானட் தொறக்காது. அவ்ளோ ரிலயபிள் வண்டி.

உள்ளேந்து மாமி குரல். "ஏண்டி, கார் சத்தம் கேக்கலையே?"

அந்த நேரத்துல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் உத்தியோகத்துக்கு ஏத்த யோசனைன்னு சொல்லமாட்டேன். "அண்ணா, உங்க ஜெனரேட்டரும் டீசல்தானே?"

அண்ணன் ஓடினாரு. லைட்டுக்காகப் பின்பக்கம் வெச்சிருந்த ரெண்டு ஜெனரேட்டர்ல ஒண்ணை நாலு பேரு தள்ளிக்கிட்டு வந்து காருக்குப் பின்னாடி நிறுத்தினாங்க. பந்தல் துணியைச் சுத்தி, முன்னாடி ரெண்டு வாழை மரத்தைக் கட்டினோம். முனுசாமி கயித்தை இழுத்தான். டடக் டடக்.

மாமி வாசலுக்கே வந்துட்டாங்க. காரைப் பாத்தாங்க. சத்தத்தைக் கேட்டாங்க. "இப்போ சத்தம் இன்னும் கம்பீரமா இருக்கே"ன்னாங்க.

"கொஞ்சம் ஓய்வு எடுத்துச்சும்மா"ன்னாரு அண்ணன்.

விடியற வரைக்கும் ஜெனரேட்டர் ஓடுச்சு. மண்டபத்துல பாதி லைட்டு எரியல. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, ராசிதான் முக்கியம். காலையில தாலி கட்டி மேளம் கொட்டினப்ப நான் சொவத்துல சாஞ்சு ஒக்காந்துட்டேன். பொண்ணோட அம்மாவுக்கு அடுத்தபடியா அந்தத் தாலிக்காக அவ்ளோ காத்திருந்தது நான்தான்.

பாலசுந்தரம் ராத்திரி ரெண்டாவது பந்தியில சாப்ட்டு, ஜமக்காளத்துல தூங்கி, காலையில இட்லி, பொங்கல் முடிச்சுட்டு வந்தாரு. தாம்பூலப் பை ரெண்டு வெச்சிருந்தாரு, ரெண்டு வீட்டுக்காரங்களும் குடுத்திருக்காங்க. எஸ்டேட்டை விட்டு வந்ததுலேந்து தன்னை யாரும் இவ்ளோ மரியாதையா நடத்தினதில்லன்னாரு. அண்ணன் கேட்ட விலைக்கே வண்டியைக் குடுத்துட்டாரு. ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்குப் போகும்போது முன் சீட்டு அவருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நாங்க எதிர்பாக்காதது. மாமி ஊர் பூரா சொல்லிட்டாங்க. மண்ணூர்லேந்து வந்தாங்க, பென்னலூர்லேந்து வந்தாங்க. எங்க சர்ச்சுல கூட ஒரு கல்யாணத்துக்குக் கேட்டாங்க. எல்லாரும் ஒரே வார்த்தை: "அந்த நிறுத்தாத காரு வேணும்." மெக்கானிக் வந்து பானட்டை நெம்பித் தொறந்து புதுக் குமிழ் மாட்டிக் குடுத்தாரு. இழுத்தா நிக்கும். இழுக்க யாரும் விடல.

இப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரு பழைய வண்டி வாங்கறதுன்னாலும் என்கிட்டதான் யோசனை கேக்கறாங்க. நானும் நிதானமா டீயைக் குடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன்.

ஓடுதான்னு எல்லாரும் பாப்பாங்க, நீங்க நிக்குதான்னு பாருங்க.