சரவணை வரை ஓடாத சுல்தான்

கரம்பொன்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணை அந்தோனிப்பிள்ளைக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மச்சாளும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நீங்கள் நுவரெலியாவில் வாங்கி என்னிடம் விட்டுப்போன பந்தயக் குதிரை சுல்தானும் சுகம். என் மானந்தான் போய்விட்டது. போனில் என்னைச் சொல்லவிடாமல் நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தபடியால் எழுதுகிறேன்.

என் மகள் அன்ரனிட்டாவுக்கு இது பேறு மாதம் அல்லவா? பிறக்கப்போகும் பேரனுக்கு எங்கள் ஐயா சவிரிமுத்துவின் பெயர் என்று நான் முடிவுகட்டியிருக்க, சம்மந்தி சூசைப்பிள்ளை தன் தகப்பன் கயித்தானின் பெயர்தான் என்று நின்றார். கதை முற்றி, குதிரை விட்டுத் தீர்ப்போம் என்றாகிவிட்டது. அவரிடம் இருப்பது மெலிந்த மட்டக்குதிரை. பாவம், "மண்கும்பான் கடற்கரையிலை தொடங்கித் தேத்தண்ணிக் கடை மட்டும் ஓடினால் காணும்" என்றார். விட்டேனா? "பந்தயக் குதிரைக்கு அது ஒரு தூரமோ? அதைத் தாண்டிச் சரவணை ஊர் மட்டும் ஓடுவம்!" என்றேன்.

சுல்தானில் என் மகன் மிரோஜன் ஏற, மட்டக்குதிரையில் எங்கள் மருமகன் ஜெனிஸ்ரனே ஏறினான். நான் மோட்டார்சைக்கிளில் பின்னால். சுல்தான் பறந்தது அண்ணை! தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது மற்றதைக் கண்ணிலேயே காணவில்லை. நான் நின்று சனத்துக்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால், சுல்தான் நடு றோட்டிலை நிக்குது. கெஞ்சியும் பார்த்தாச்சு, ஏசியும் பார்த்தாச்சு, ஏலாது எண்டால் ஏலாதுதான், நுரை தள்ளிக்கொண்டு நிக்குது. மட்டக்குதிரை ஒரே சீராய் வந்து எங்களைக் கடந்து போச்சு. "மாமா, போயிட்டு வாறன்" எண்டு ஜெனிஸ்ரன் கையும் காட்டினான்!

பிறகு உங்களிட்டைக் கேட்டால், "அது ஆயிரம் மீற்றர் குதிரையடா. தொடை பருத்தது வெடிச்சுப் பாயும், மூச்சு நீளாது. மெலிஞ்சதுதான் தூரம் ஓடும்" எண்டு சிரிக்கிறீங்கள். முதலே சொல்லக்கூடாதோ?

ஐயாவின் பெயரையே நான் தோற்றுவிட்டேன், அண்ணை. அந்தக் குதிரையை உடனே யாருக்காவது விற்றுவிடுங்கள்.

மாதாவின் காவல் உங்கள் வீட்டை விட்டு அகலாதிருக்கட்டும்.

உங்கள் தம்பி,
மரியநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை! சவிரிமுத்துவும் இல்லை, கயித்தானும் இல்லை. இப்போது சம்மந்தி தன் தாயின் பெயர்தான் என்கிறார். எங்கள் அம்மா சின்னத்தங்கத்தை விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குதிரை. விற்க வேண்டாம். தூரத்தைப் பற்றிச் சம்மந்தி வாய் திறக்கமுதலே, "நீங்கள் அண்டைக்கு ஆசைப்பட்டுக் கேட்ட தேத்தண்ணிக் கடையே காணும், சம்மந்தி" எண்டு பெருந்தன்மையாய் விட்டுக்குடுத்திட்டன்.