ஜட்காவில் நான்காவது ஆள்

மூன்று பேரும் ஏறி அமர்ந்தாகிவிட்டது. எனினும் ஜட்கா புறப்படவில்லை.

வண்டிக்காரர் பீர் முஹம்மது கடிவாள வாரை உதறி, நாவைச் சொடுக்கிக் குதிரைக்குக் குறிப்புக் காட்டிய அதே கணத்தில், உள்ளேயிருந்து சுப்புலக்ஷ்மி அம்மாள் அலறினாள்.

"நிறுத்து! நிறுத்து! ஏன்னா, நாம மூணு பேர்னா இருக்கோம்!"

"ஆமாம், மூணு பேர்தான். நேத்திக்கும் மூணு பேர்தான்," என்றார் அவளுடைய கணவர் கல்யாணராமன்.

"நல்ல காரியத்துக்கு யாராவது மூணு பேராக் கிளம்புவாளோ? போற காரியம் உருப்பட்டாப்பலதான்!"

கல்யாணராமனின் தமக்கை சொர்ணம் இந்தக் காரியத்துக்கென்றே கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்தவள். அவள் இரு கன்னங்களிலும் போட்டுக்கொண்டாள். "நல்ல வேளைடா கல்யாணராமா. இன்னும் தெரு தாண்டலை."

பீர் முஹம்மது பெருமூச்செறிந்தார். விடிந்ததிலிருந்து அவருக்கு வாய்த்த முதற் சவாரி இதுவே. லஸ் முனையிலிருந்து மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கிய பின்னர், ஜட்காவை நாடுவோர் இரு வகையினரே ஆயினர்: பஸ்ஸுக்கு அஞ்சுவோர் ஒரு வகை, பஸ் கண்டக்டரோடு சண்டையிட்டவர் மற்றொரு வகை. மயிலாப்பூர்ச் சித்திரைக்குளத்தருகே தம்மைக் கைதட்டி அழைத்த இக்குடும்பம் எவ்வகையைச் சார்ந்தது என அவர் ஆராயவில்லை. பட்டுப் புடவைகளையும், பழத் தட்டையும், ஈரத்துணியில் சுற்றிய ரோஜா மாலையையும் கண்டு, மாம்பலத்தில் யாருக்கோ கல்யாணம் பேசப் போகிறார்கள் எனத் தமக்குள் முடிவு கட்டிக்கொண்டார். யாருக்கு என்பதை அறிய அவருக்கு ஆவலுமில்லை, தெம்புமில்லை.

"இன்னா சாமி, நானும் ஒரு ஆளுதானே? என்னியும் சேத்தா நாலு ஆச்சு," என்றார்.

"வண்டியோட்டறவன் கணக்குல சேர மாட்டான்," என்றாள் சுப்புலக்ஷ்மி.

"விட்டாக் குதிரையையும் சேத்துக்கச் சொல்லுவான்," என்றாள் சொர்ணம்.

"அது இஸ்டப்பட்டா சேத்துக்கோம்மா. யாராச்சும் ஒருத்தர் எறங்கிக்கினா ரெண்டு பேரா போலாமே?"

இந்த யோசனையை மூவரும் மனத்துக்குள் எடைபோட்டனர். காரியமோ கல்யாணராமனுடையது, அவர் இறங்க இயலாது. மனைவியில்லாமல் மங்கள காரியம் இல்லை. சொர்ணமோ தன் பார்வையாலேயே கும்பகோணத்திலிருந்து மயிலாப்பூர் வரையிலான தூரத்தை அனைவருக்கும் உணர்த்திவிட்டாள்.

ஆகவே நான்காவது ஆளாக, அடுத்த வீட்டு வாசலில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்ற வேம்பு அழைக்கப்பட்டார். அவர் உயரத்தில் நடுத்தரமானவர், அகலத்தில் அப்படியல்லர்.

"அங்கே டிபன் உண்டோன்னோ?" என்பதொன்றே அவர் கேட்ட கேள்வி. கல்யாணராமன் அவர் காதோடு ஏதோ ஓதினார். "பேஷ்! பேஷ்!" என்று வேம்பு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உரக்கப் பேசாதேயும் ஓய். முடியற வரைக்கும் வாய் விடப்படாது," என்று கல்யாணராமன் எச்சரித்தார்.

பீர் முஹம்மது வண்டியினின்றும் இறங்கி, பக்கவாட்டில் அறையப்பட்டிருந்த பித்தளை லைசென்ஸ் தகட்டைச் சுட்டிக்காட்டினார்.

"சாமி, இந்தத் தகட்டுல மூணு பேருதான் போட்டுக்கீது. நாலு பேர ஏத்தி ரெண்டு தபா மாட்டிக்கீறேன். இன்னொரு தபா மாட்டினா தகட்டக் கயட்டிக்கினு பூடுவாங்க. அப்பால என் மூஞ்ச குதிரையும் குதிர மூஞ்ச நானும் பாத்துக்கினு குந்த வேண்டியதுதான். நம்ம வூட்ல ஏழு வாயி; குதிரையோட எட்டு."

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

"சாயபு, நன்னாக் கேட்டுக்கோ. போலீஸ்காரன் கண்ணுல பட்டாத்தானே குற்றம்? லஸ் முனை வந்தா ஒருத்தர் இறங்கி நடந்துடறோம். தாண்டினப்புறம் ஏறிக்கறோம். யாருக்கு என்ன நஷ்டம்?"

பீர் முஹம்மது மறுத்துரைக்க வாய் திறந்தார். அதற்குள் வேம்பு பின்புறமாக ஏறிவிட்டார். உடனே குதிரையைப் பூட்டியிருந்த ஏர்க்கால்கள் இரண்டும் வான் நோக்கி எழுந்தன. குதிரையும் கழுத்தை அண்ணாந்து, இல்லாத மேகத்தை நோக்கியது. முன்னே வாருங்கள், இன்னும் முன்னே, என்று கெஞ்சி நால்வரையும் நெருக்கி அமர்த்திச் சமன் செய்து, அவர் வண்டியை ஓட்டலானார்.

லஸ் முனைக்கு இருபது அடி முன்பாக, ஒப்பந்தப்படி வேம்பு இறங்கினார்.

"ஐயையோ!" என்றாள் சுப்புலக்ஷ்மி. "இப்போ உள்ளே மூணு பேர்னா ஆயிட்டோம்! முச்சந்தியை மூணு பேராத் தாண்டறதா?"

"எம்மா, சட்டப்படி இதாம்மா சரியான கணக்கு," என்று பீர் முஹம்மது மன்றாடினார்.

"உன் சட்டம் எங்காத்துக் காரியத்தை முடிச்சுக் குடுக்குமா?"

எனவே சொர்ணமும் இறக்கப்பட்டாள். இருவர் வண்டியிலும் இருவர் தரையிலுமாக ஊர்வலம் லஸ் முனையைக் கடந்தது. அதுவும் அமைதியாகக் கடந்ததா என்றால், இல்லை. "அக்கா, வெத்தலையை நீங்க வெச்சிண்டிருக்கேளா, நான் வெச்சிண்டிருக்கேனா?" என்று சுப்புலக்ஷ்மி வண்டியிலிருந்து கூவ, "பழத்துக்கு அடியிலே பாரு!" என்று சொர்ணம் நடுவீதியிலிருந்து விடையிறுத்தாள். முனையில் நின்ற போலீஸ்காரர் வண்டியைப் பார்த்தார், நடப்போரைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார். இருவர் போகும் வண்டியை நிறுத்த அவருக்கு முகாந்திரம் கிட்டவில்லை. பீர் முஹம்மதுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சற்றுத் தள்ளி இருவரும் ஏறினர். ஏர்க்கால்கள் மீண்டும் எழுந்தன; முன்னே வாருங்கள் என்னும் மன்றாட்டும் மீண்டும் நிகழ்ந்தது.

ஆழ்வார்பேட்டையை அணுகியபோது, "இந்தத் தடவை என்னால் ஆகாது, முழங்கால் விண்ணு விண்ணுங்கறது," என்று சொர்ணம் அறிவித்தாள். ஆகவே கல்யாணராமனும் வேம்புவும் இறங்கி, அந்நியர்போல் பின்னே நடந்து வந்தனர். பெண்கள் இருவரை மட்டும் சுமந்து, நிரபராதியின் முகத்தோடு வண்டி நாற்சந்தியை நெருங்கியது.

அங்கே நின்ற போலீஸ்காரரின் பெயர் பஞ்சாட்சரம். மாற்று ஆள் அப்பொழுதுதான் வந்து அவரை விடுவித்திருந்தான். வண்டியில் ஓராளுக்கு இடமிருப்பதைக் கண்டதும், சிறிதும் தயங்காமல் முன்பலகையில் தொற்றி ஏறி அமர்ந்துவிட்டார்.

"பாய், தேனாம்பேட்ட வரிக்கும் வுடு. காலையிலேந்து நின்னு காலு ரெண்டும் கயண்டு போச்சு."

போலீஸ்காரரை வேண்டாமென்று மறுத்த ஜட்காக்காரன் சென்னப்பட்டணத்தில் இன்னும் பிறக்கவில்லை. பீர் முஹம்மது வண்டியை ஓட்டினார். பின்னால் கல்யாணராமன் முதலில் கைக்குட்டையையும், பிறகு குடையையும், இறுதியாக மேல்வேட்டியையும் வீசி அசைத்துப் பார்த்தார்.

பஞ்சாட்சரம் திரும்பி நோக்கினார். "யாரு பாய் அந்த ரெண்டு பேரு? அப்பத்திலேந்து வண்டி பின்னாலயே ஓடியாறாங்க?"

"தெர்ல நைனா. காத்து வாங்கறாங்க போல."

"தெரியாதாவது! அவர் எங்காத்துக்காரர்!" என்றாள் சுப்புலக்ஷ்மி.

பீர் முஹம்மது கண்களை மூடிக்கொண்டார். வழி குதிரைக்குத் தெரியும்.

"வூட்டுக்காரரா? அப்ப இன்னாத்துக்கும்மா நடக்கறாரு?"

"அவனுக்கு நடக்கணும்னு வேண்டுதல்," என்று சொர்ணம் சமாளித்தாள். அவ்வளவோடு விட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் வரலாறே வேறாகியிருக்கும். ஆனால் சுப்புலக்ஷ்மி அதற்குள் எண்ணி முடித்திருந்தாள்.

"நிறுத்து வண்டியை! அக்கா, நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு, இவர் ஒண்ணு. மறுபடியும் மூணு!"

"மூணுதாம்மா கரீட்டு. ஆர்டரே அப்டித்தான்," என்றார் பஞ்சாட்சரம், உத்தியோக கம்பீரத்துடன்.

"நீங்களே சொல்லுங்கோ. நல்ல காரியமாப் போறவா மூணு பேராப் போலாமோ?"

பஞ்சாட்சரத்தின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்த ஏம்மா கேக்கறே! எங்க அக்காவுக்கு மாப்ள பாக்க மூணு பேராத்தான் போனோம். வேணாம் வேணாம்னு எங்க ஆயா தலபாடா அட்ச்சிக்கிச்சு. இன்னி வரிக்கும் அந்த மாப்ள எங்க வூட்லயே குந்திக்கினு துன்னுக்கினு கீறாரு. பாய், வண்டிய நிறுத்து. அந்த ஐயர ஏத்து."

"ஏத்தினா நாலு ஆவுதே, நைனா! நான் ரெண்டு தபா மாட்டினவன்!"

"நான் கீறேன் இல்ல? என்னிய மீறி எவன் கேப்பான்?"

வண்டி நின்றது. கல்யாணராமன் மூச்சிரைக்க ஏறினார். அவர் பின்னாலேயே வேம்புவும் வந்து நின்றார்.

"என்னை மட்டும் நடுரோட்டுல விட்டுட்டுப் போவேளா? நான் நாலாவது ஆளா வாங்கோன்னு கூப்பிட்டு வந்தவன், ஓய்! பல்லைக்கூட முழுக்கத் தேய்ச்சு முடிக்கலை!"

அவரும் ஏறினார். ஐந்து ஒற்றைப்படையே ஆயினும் ஐந்துக்குத் தோஷம் கிடையாது எனச் சொர்ணம் தீர்ப்பளித்தாள். பஞ்சாட்சரத்தின் எடை முன்பலகையில் இருந்தமையால் மட்டுமே ஏர்க்கால்கள் கீழே நின்றன. குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் சென்றன. இனி எதுவும் தம் கையில் இல்லை என்னும் ஒருவிதச் சோர்ந்த நிம்மதி பீர் முஹம்மதுவுக்கு உண்டாயிற்று. போலீஸ்காரரே பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன காவல் வேண்டும்?

தேனாம்பேட்டையில் மவுண்ட்ரோட்டைக் கடக்கும் இடத்தில், மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்தபடி வெள்ளைத் தொப்பியணிந்த சார்ஜண்ட் நின்றிருந்தார்.

அவரைக் கண்டதுதான் தாமதம், பஞ்சாட்சரம் ஓடும் வண்டியிலிருந்து குதித்து, தொப்பியைத் தலையில் கவிழ்த்து, குதிகால் அதிர ஒரு சலாம் வைத்தார்.

"புட்ச்சிக்கினு வந்துட்டேன், ஸார்! ஆழ்வார்பேட்டைலேந்து தொர்த்திப் புட்ச்சேன்! நாலு பேரு, ஸார்! ஓவர்லோடு!"

முன்பலகையின் எடை நீங்கவே, வண்டி பின்புறமாகச் சரிந்தது. குதிரை சேணத்தில் தொங்கிக் கனைத்தது. வேம்பு வழுக்கி வந்து மவுண்ட்ரோட்டில் அமர்ந்தார். அவரைத் தொடர்ந்து வாழைப்பழங்களும் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னால் வந்த இரண்டு மோட்டார்களும் ஒரு கட்டை வண்டியும் நின்றன.

"இன்னா மேன், எத்னி ஆளு ஏத்துவே?" என்று சார்ஜண்ட் பீர் முஹம்மதுவைக் கேட்டார்.

பீர் முஹம்மது பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். பஞ்சாட்சரம் ஆகாயத்தைப் பார்த்தார். எஞ்சிய ஒரே நம்பிக்கையாக வண்டிக்காரர் கல்யாணராமன் பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க."

கல்யாணராமன் மேல்வேட்டியைச் சீர்செய்துகொண்டு, முதலில் இங்கிலீஷில் நான்கு வாக்கியங்களும், பின்னர் சுற்றி நின்ற கூட்டத்துக்காகத் தமிழிலும் உரைத்தார்:

"நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிண்டு வரேன், மூணு பேருக்கு மேலே ஏத்தப்படாதுன்னு. கேட்டாத்தானே! சட்டம்னா இவாளுக்கெல்லாம் பயமே இல்லாமப் போச்சு."

சார்ஜண்ட் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: மூன்றாவது முறை. திங்கட்கிழமை பெஞ்சு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்; குற்றம் ருசுவானால் அங்கேயே தகடு பறிமுதல். எழுதிய தாளைக் கிழித்து நீட்டிவிட்டு, மூவர் மட்டும் இதே வண்டியில் போகலாம் என்றும் பெருந்தன்மையோடு அனுமதியளித்தார்.

"கேஸ் ஆன வண்டியிலயா? நன்னாருக்கு! வேற வண்டி பாருங்கோன்னா," என்றாள் சுப்புலக்ஷ்மி, மாலையிலிருந்த புழுதியை ஊதியபடி. கல்யாணராமன் வேறு ஜட்கா தேடிச் சாலைக்கு அப்பால் போனார், பெண்களும் பின்தொடர்ந்தனர். எழுந்திருக்க இயலாத வேம்பு மட்டும் சாலையோரப் புளியமரத்தடியில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

பீர் முஹம்மது குதிரையை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, அவருக்கு அருகே குந்தினார். கோபப்படவும் அவருக்குச் சக்தியில்லை. பின்பு, காலையிலிருந்து முதன்முறையாக, அவர் முகத்தில் சற்றுத் தெளிவு தோன்றியது.

"ஐயரே, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கெயம கோர்ட்ல நின்னு, ஒண்ணு வுடாம சொல்லிடப் போறேன். மூணு ஆவாதுன்னது யாரு, லஸ்ஸாண்ட எறங்கி ஏறிக்கலாம்னு எனக்குச் சொல்லிக் குட்த்தது யாரு, கட்சீல கைய கயுவிக்கினு போனது யாரு, அல்லாத்தியும் சொல்லிடுவேன். அங்க குந்திக்கினு கீற மாஜிஸ்ட்ரேட்டு நாலெழுத்து பட்ச்ச மன்சன். நாயம் தெரியாமயா பூடும்? இந்தாள மாதிரியா இருப்பாரு?"

வேம்பு உருண்டோடிய பழம் ஒன்றைத் துடைத்து உரித்தபடியே, பரிவோடு அவர் தோளைத் தட்டினார்.

"தாராளமாச் சொல்லு, சாயபு. அந்த உத்தியோகத்துக்குச் சிபாரிசு பண்ணின பெரிய மனுஷருக்குத்தான் மாலை போட இப்போ போயிண்டிருக்கோம். திங்கட்கிழமைலேர்ந்து அந்த பெஞ்சுல உட்காரப் போற புது மாஜிஸ்ட்ரேட்டே நம்ம கல்யாணராமன்தான்."