முகடும் லாமிங்டனும்

"மறுபடியும் சமதரைதானா?" என்று பேராசிரியர் பிலிப்பா ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே கேட்டார்.

டாம்சின் திரையை உடம்பால் மறைக்கப் பார்த்தாள். மறைக்க அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் அவள் துக்கம். கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இஸ்திரி போட்டதுபோலக் கிடந்தது.

சிலிக்காத் தூளில் பிளாட்டினத்தை ஏற்றி, வில்லையாக அழுத்தி, அதன்மேல் கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டு, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச வேண்டும். வாயு பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டால் கோட்டில் ஒரு முகடு எழும்பும். உலகம் முழுக்க எழும்புகிறது. ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங்கில், டாம்சின் கையில் மட்டும் மூன்று வாரமாக எழும்பவில்லை.

"உங்க களிமண்லயும் எழும்பலையே, பிலிப்பா?"

"என் களிமண்ல எழும்பலைன்னா அது கண்டுபிடிப்பு. சாதா சிலிக்காவுல எழும்பலைன்னா அது கைக்கோளாறு."

ஆறு வருடத்துக்கு முன் பிலிப்பா தன் களிமண்மேல் பிளாட்டினத்தை ஏற்றி, அது அந்த வாயுவைச் சீந்துவதே இல்லை என்று நிரூபித்தார். அதற்காகக் கிடைத்த பதக்கமும், அந்தச் சமதரைக் கோடும் சட்டம் போட்டு நடைவழியில் தொங்குகின்றன.

"வியாழக்கிழமை வரைக்கும் பாரு. வரலைன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீயும் வேற தலைப்பு தேடிக்க."

இரண்டு வருட ஆராய்ச்சி. டாம்சின் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"வரவைக்கிறேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை வாயுவை இரண்டு மடங்கு விட்டாள். பிளாட்டினம் அதைப் பற்றிக்கொள்ள அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். சரியாக அது பத்து மணி டீ வேளையில் வந்து விழுந்தது. விஷவாயுவைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் காவலுக்குத்தான் கூடத்தின் பழைய உதவியாளர் கிளாரி இருக்கிறாரே. அவர் டீ அறைக்கே போகமாட்டார். பிளாஸ்க்கோடு கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

"நீ போய்ட்டு வா, கண்ணு. நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்து அளந்தாள். சமதரை.

வில்லையில் அழுக்கு இருக்கும் என்று ஹைட்ரஜனில் இன்னும் நூறு டிகிரி சூடேற்றினாள். வில்லை பிளந்தது. பிளக்காமலிருக்க அடுத்ததைத் தடியாகச் செய்தாள். ஒளியே அதற்குள் நுழையவில்லை. மெல்லியதாகச் செய்தபோது அழுத்தும் இயந்திரத்தில் கட்டைவிரல் நசுங்கியது. கட்டுப்போட்ட விரலோடு அளந்ததிலும் சமதரைதான்.

புதன்கிழமை இன்னும் மோசம். டீக்குப் பிறகு சமதரையைப் பார்த்து வெறுத்துப்போய், வாயுவை உறிஞ்சி எடுத்து, வில்லையைச் சூடாக்கித் துடைத்துவிட்டு அளந்தாள். முகடு வரவேண்டிய இடத்தில் கோடு கீழே இறங்கி ஒரு பள்ளம் விழுந்தது.

"திங்காததைக் கக்குதா உன் பிளாட்டினம்?" என்று பிலிப்பா சிரித்துவிட்டுப் போனார். டாம்சின் நோட்டில் "பள்ளம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே, வழக்கம்போல யாரும் வருமுன் வந்தாள். தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டு பிறகு சரக்கைப் போடுவதுபோல, வெறும் வில்லையை வைத்து அன்றும் பின்னணி எடுத்தாள். கருவியின்மேல் அதற்கென்றே பிலிப்பா ஒட்டிய காகிதம் உண்டு: "அளக்கும் முன் பின்னணிப் பொத்தானை அழுத்தவும். மறந்தவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவரவும்." அந்த விதிக்குப் பேராசிரியரும் விலக்கில்லை. பிறகு குழாய்களிலிருந்த காற்றை உறிஞ்சி எடுக்க உட்கார்ந்தாள்; அதற்கே மூன்று மணி நேரம் ஆகும்.

ஒன்பது மணிக்குக் கிளாரி வந்தார். பத்து மணிக்கு அவள் வாயுவை விட்டதும் எட்டிப் பார்த்தார்.

"டீக்குப் போகலையா, கண்ணு?"

"இன்னிக்கு இங்கேருந்து நகரமாட்டேன்."

"ஒரு வாய் குடிச்சுட்டு வாயேன்..."

"நகரமாட்டேன், கிளாரி!"

கிளாரி அங்கேயே தவித்துக்கொண்டு நின்றார். கருவியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார்.

பத்தரைக்கு அளந்தாள். வரவேண்டிய அதே இடத்தில், அலை எண் இரண்டாயிரத்து எழுபதில், கம்பீரமாக, ஊசிக் கோபுரமாக ஒரு முகடு!

அவள் போட்ட கூச்சலில் டீ அறையிலிருந்த பிலிப்பா லாமிங்டன் கேக்கும் கையுமாக ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னடி பண்ணின?"

"ஒண்ணுமே புதுசா பண்ணலை. டீக்குப் போகலை, அவ்வளவுதான்."

கிளாரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குற்றம் செய்த பிள்ளைபோல முன்னால் வந்தார்.

"அவளைக் கேக் கொண்டாரச் சொல்லாதீங்க, பிலிப்பா. பாவம், பின்னணி எடுக்க மறந்துடறா. தினமும் வாயு விட்டுட்டு டீக்குப் போவா, நான்தான் சத்தமில்லாம அந்தப் பொத்தானை அமுக்கி வைப்பேன். இன்னிக்கு நகரமாட்டேன்னுட்டா."

டாம்சின் வாய் பிளந்தாள். வாயு ஏறிய வில்லையையே பூஜ்யம் ஆக்கியிருக்கிறார் மனிதர். பிறகு முகடு எங்கிருந்து எழும்பும்? வாயுவைத் துடைத்தால் பள்ளம்தான் விழும்.

"கடவுளே, கிளாரி," என்று பிலிப்பா தலையில் கைவைத்தார். "இந்தப் பொண்ணோட மூணு வாரத்தை நாசம் பண்ணிட்டியே!"

கிளாரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இவளுக்கு மட்டுமா பண்ணினேன்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க களிமண்மேல வாயுவை விட்டுட்டு டீக்குப் போனப்பவும் நான்தானே தினமும் அமுக்கினேன். ஒரு நாளாவது உங்களைக் கேக் வாங்கியார விட்டேனா?"