டிரம் குடித்த புரோட்டீன்

நான் இன்றுவரை ஒரு ஸ்பூன் புரோட்டீன் பவுடர்கூடக் குடித்ததில்லை. ஆனால் குடித்துக் கெட்டவன் என்று ஆம்பூரில் பாதிப் பேர் என்னைக் கைகாட்டுவார்கள். கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் கூடிவிடுகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உடம்பு கொடிக்கயிறு மாதிரி இருக்கும். துணி காயப்போடலாம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பதனிடச் சுழற்றும் டிரம்மிலிருந்து வரும் ஈர மாட்டுத் தோலை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, மரத் தாங்கியில் போட வேண்டும். என் ஜோடி பிரபு. அவன் ஒரு இழு இழுத்தால் தோலோடு நானும் போய்விடுவேன்.

இந்த வேலையில் என்னைப் போட்டு மேஸ்திரி அன்வர் பாய் நாலு மாதம் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"சனிக்கெழம வரைக்கும் டைம். அஞ்சு தோலு, தரைல உடாம இழுக்கணும். இல்லன்னா பேக்கிங் போய்டு."

பேக்கிங்கில் சூப்பர்வைசர் என் மாமியார். (இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.)

மூன்று மாதமாக ஜிம்முக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். பிரியாணிக் கடை மாடியில் ஜிம். கீழே தம் உடைத்தால் மேலே ஒருவனும் வெயிட்டைத் தொட மாட்டான். அன்று மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"பவுடர் போடு தோஸ்த். பவுடர் இல்லாம வெயிட் தூக்கறது, பெட்ரோல் இல்லாம வண்டி தள்றாப்ல."

பிரபுவிடம் சொன்னேன்.

"வேணாண்டா. கிட்னி பூடும்."

"யாருக்குப் போச்சி?"

"போனவன் வந்து சொல்வானா?"

என் மனைவி ஸ்டெல்லா வேலூரில் நர்ஸ். அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள்.

ஒரு கிலோ வாங்கினேன். சாக்லேட். டப்பாவின் மேல் ஒருத்தன் படம். அவன் கை என் இடுப்பு அளவு இருந்தது. அதை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, ஷாப்பில் நாலு பேர் பார்க்கவும் கூடாது. தோலுக்குப் போடும் பொடிகளை வைக்கும் பவுடர் ரூமில் ஒரு காலி வெள்ளை டப்பா கிடந்தது. துடைத்து, அதில் கொட்டினேன். மூடியில் ‘வாட்டில்’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது. வாட்டில் என்பது மரப்பட்டையில் எடுக்கிற பழுப்புப் பொடி. தோலுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். அலமாரியில் ஏற்கெனவே ஒரு வாட்டில் டப்பா இருந்தது. அதற்கு வலது பக்கம் என் டப்பாவை வைத்தேன்.

ஒளிக்கிற பொருளை அதே மாதிரிப் பொருளின் பக்கத்தில் ஒளிப்பது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு அவ்வளவு யோசனை வந்ததே பெரிது.

வாங்கினேனே தவிர குடிக்கத் தைரியம் வரவில்லை. புதன் முழுக்கக் கிட்னியை நினைத்தேன். வியாழன் முழுக்க மாமியாரை நினைத்தேன். வெள்ளி சாயங்காலம் முடிவு செய்தேன். கிட்னியாவது இரண்டு இருக்கிறது.

வலது பக்க டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, டீக்கடைப் பாலில் கலக்கிக் குடித்தேன். (அன்று மத்தியானம் யாரோ அலமாரியைத் துடைத்து டப்பாக்களை மாற்றி வைத்தது எனக்குத் தெரியாது. வாசனையில் தெரிந்திருக்கும் என்பீர்கள். நாலு வருஷம் தோல் ஷாப்பில் நின்றவனுக்கு மூக்கு முகத்தின் அழகுக்கு மட்டும்தான்.)

குடித்ததும் நாக்கு சுருங்கியது. கன்னம் உள்ளே இழுத்தது. தொண்டை இறுகியது. வாயே இப்படி இறுகினால் கை எப்படி இறுகும் என்று சந்தோஷப்பட்டேன். சனி காலையில் இரண்டு ஸ்பூனாகப் போட்டேன்.

அன்று பிரபு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒன்று. இரண்டு. மூன்றாவது தோலில் பிரபு என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஐந்தாவதைப் போட்டபோது அவன் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்தது. அன்வர் பாய் தலையை ஆட்டினார். அவர் அதுவரை யாருக்கும் ஆட்டி நான் பார்த்ததில்லை.

அப்போது கெமிக்கல் இறக்க வந்த லாரி டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா பாய், உள்ள கேக்கு போடறீங்களா?"

திரும்பிப் பார்த்தோம். சாம்பிள் ஓட்டும் சின்ன டிரம்மின் கதவிடுக்கில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆறு ஆட்டுத் தோல். திங்கட்கிழமை, தோல் வாங்க வரும் பையருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள். பழுப்பாக வர வேண்டியது, முன்பு குரோமில் ஊறிய நீலம் மாறாமல் கொழகொழ என்று வந்தது.

காலையில் டிரம்மில் பவுடர் போட்டவன் பிரபு.

"இன்னாடா போட்ட?"

"வாட்டில்தான் பாய். மூடில எழுதிகீது, பாருங்க."

"எழுதிகினா ஆச்சா? சாமான எடுத்துக்கினு கெளம்பு நீ."

பிரபு துடைக்காத கையோடு நின்றான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாட்டில் குடித்த வாய், அதுவாகவே மூடித்தான் இருந்தது. இருந்தாலும் திறந்தேன்.

"பாய், அது என்னுது."

"எது?"

"டிரம்முல இருக்கற பவுடரு. ஒடம்புக்கு வாங்கினேன்."

அன்வர் பாய் டிரம்மைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ நீ குட்சது இன்னா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"நாக்க நீட்டு."

நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கன்னத்தை மடித்து, விட்டு, மறுபடி மடித்தார். முப்பது வருஷமாகத் தோல் பார்த்த கை.

"கலரு நல்லா புட்சிருக்கு. சாம்பிளா இவன அனுப்பலாம்."

முதலில் சிரித்தவன் பிரபு.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ குட்ச?"

"மூணு ஸ்பூன்."

எதிர்முனையில் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் அவளை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு யாரோ சிரித்தார்கள். நேரே வரச் சொன்னார்கள். பார்த்தார்கள். ஒன்றுமில்லை, தண்ணீர் குடி என்று அனுப்பினார்கள். மூன்று நாள் பாத்ரூம் பக்கம் எனக்கு வேலை இருக்கவில்லை. அதற்கு மேல் எழுதக் கூடாது என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள்.

"ஒடம்பு ஏறணும்னா ரெண்டு முட்ட துன்னு, ஒரு கை கொண்டக்கடல துன்னு. இதக் கேக்கறதுக்கு வாய் வர்ல, வாட்டில் குடிக்க மட்டும் வந்துச்சா?"

ஞாயிற்றுக்கிழமை பிரபுவும் நானும் வந்து சாம்பிளைப் புதிதாக ஓட்டிக் கொடுத்தோம். பேக்கிங்குக்குப் போக வேண்டுமா என்று அன்வர் பாயிடம் கேட்டேன்.

"அஞ்சு தோலு இழுத்த இல்ல? இங்கியே கெட."

கெட்டுப்போன ஆறு தோலையும் என் தலையில் கட்டினார். ஒன்றில் சாவிப் பை தைத்தேன். எத்தனை தடவை கழுவினாலும் மழைக்காலம் வந்தால் எறும்பு வரிசையாகச் சுவரேறி அந்தப் பையைத்தான் தேடி வரும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் அந்த வரிசையைக் காட்டுவார். கதையைச் சொல்வார். (போன மாதக் கணக்கில் அரைக் கிலோ குடித்திருக்கிறேன்.) கடைசியில் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி முடிப்பார்.

"சத்து எங்க போச்சின்னு எறும்புக்குத் தெரியுது பாரு. ஒண்ணாவது இவர் மேல ஏறுதா?"