துரைக்குட்டியாரின் மடக்குக் கதிரை

டுசல்டோர்ஃப்
10.10.2007

என்ர துரைக்குட்டியாருக்கு,

உங்கள் மனைவி கமலநாயகி எழுதிக்கொள்வது. நானும் மகள் அஜிதாவும் இங்கு சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் விசாரிப்பது என்று தெரியாதபடியால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியும் ஆக்களுக்கு முன்னால உங்களை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துரைக்குட்டி எண்டு கதவைச் சாத்தின பிறகுதான் கூப்பிடுறனான். இப்ப காயிதத்திலயே எழுதிப்போட்டன். ஆர் வந்து என்னைக் கேக்கப் போகினம்? அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்துப் பிழை இருக்கும். சிரிக்க வேண்டாம். நான் கோவத்தில எழுதுறன்.

கோவம் முதல் உங்களிலதான். பங்குனி மாதம் அந்தச் சனிக்கிழமை காலமை நெஞ்சு நோகுது எண்டு சொன்னது நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு சொன்னது நான். "மச் முடியட்டும் கமலா, இண்டைக்குத்தான் பிள்ளையை முன்னுக்கு விடுறாங்கள்" எண்டு சொல்லிப்போட்டு, மடக்குக் கதிரையைத் தோளில கொழுவி, அந்த நீலத் தொப்பியையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனீங்கள். நான் கிளப் கடைக்கெண்டு ஐம்பது மீன் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன், மைதானத்தில நிண்டு அன்ரனிற்றா போன் எடுக்கிறாள். பிள்ளை பெனால்டி அடிச்சுக் கோலாம், நீங்கள் எழும்பி ரெண்டு கையையும் மேல தூக்கினீங்களாம், பேந்து கதிரையில இருந்தீங்களாம். இருந்ததுதான். நீங்கள் சந்தோசத்தில கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டு சனம் கைதட்டிக்கொண்டு நிண்டதாம். எனக்கு அந்த ஐம்பது ரோல்சையும் என்ன செய்தன் எண்டு இண்டைக்கும் ஞாபகம் இல்லை.

உந்தப் பந்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்ததும் நீங்கள்தானே. ஊரில பள்ளிக்கூடத்துக்கு விளையாடினது போதாதெண்டு, பிள்ளைக்கு மூண்டு வயசில பந்து வாங்கிக் குடுத்தனீங்கள். நான் பொம்மை வாங்கினன், அவள் பொம்மையைக் கோல் காக்கிற கோலியா நிப்பாட்டிப்போட்டு அதின்ர முகத்துக்கே அடிச்சாள். பிறகு சனிக்கிழமை எண்டா தேப்பனும் மகளும் மைதானம். நானும் சில நாள் வந்து உங்களுக்குப் பக்கத்தில நிண்டனான். விளையாட்டு எனக்கு விளங்கேல்லை, உங்களைத்தான் பாத்தன். கதிரையில இருந்துகொண்டு ஒரு நாள் இடக் காதைப் பிடிச்சு இழுப்பீங்கள், ஒரு நாள் வலக் காதை. காதுக்குள்ள ஏதோ வருத்தம் எண்டு நான் உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டன். அதுக்கும் சரிவரேல்லை எண்டு காது டொக்டரிட்ட நாள் கேட்டு டெர்மின் எடுத்தன், அந்த மனிசன் லைற் அடிச்சுப் பாத்திட்டு ஒண்டும் இல்லை எண்டார். நீங்களும் பிள்ளையும் ஆளை ஆள் பாத்துச் சிரிச்சீங்கள். அண்டைக்கு வந்த கொதி இன்னும் அடங்கேல்லை. நெஞ்சுக்கு ஒரு டெர்மின் எடுக்க விட்டிருக்கலாம், காதுக்கு எடுக்க வைச்சீங்கள்.

இப்ப கோச்சின்ர கதைக்கு வாறன். அந்தியேட்டிச் சடங்கு முடியுமட்டும் முப்பத்தொரு நாளும் பிள்ளையை நான் வெளியில விடேல்லை. முறை அதுதானே. அது முடிஞ்சு போனா, கோச் ஹெர் பிறிங்மான் சொல்லுறான், பத்து நாள் பயிற்சிக்கு வராத ஆள் பத்து மச் விளையாடாமல் வாங்கில இருக்கவேணுமாம், அது கிளப்பின்ர சட்டமாம். நான் வேலையால நேர மைதானத்துக்குப் போனன். "ஹெர் பிறிங்மான், பிள்ளையின்ர தேப்பன் செத்தது" எண்டன். "தெரியும், நான் பூ அனுப்பினனான்" எண்டான். பூ அனுப்பினா சரியோ? நீங்கள் செத்ததுக்குப் பிள்ளைக்கு வாங்கு! அவன்ர தமக்கையின்ர பெட்டை, பஸ்ஸைத் தவற விட்டவள் மாதிரி ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடுறவள், அவள் முன்னுக்கு நிக்கிறாள். பந்து அவளிட்டப் போனா பந்துக்கே பாவமா இருக்கும். கோச் சிகரெட்டும் கையுமா நிண்டு "சுப்பர், சுப்பர்" எண்டு கத்துறான். என்ர பிள்ளை மழையில வாங்கில இருந்து மற்றவளவையின்ர தண்ணிப் போத்தில் மூடுறாள்.

அந்த நேரம் பாத்துத்தான் ஹொக்கி வந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு ரீச்சர் ஃபிறவ் லின்ட்னர் பூச்சாடியோட வீட்டை வந்தா. நல்ல மனிசி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்தா. பிள்ளை நல்லா ஓடுறாள், எங்கட ஹொக்கிக் கிளப்புக்கு விடுங்கோ எண்டா. டொக்டர்மாற்ற, அப்புக்காத்துமாற்ற பிள்ளையள் போற இடம். எனக்குப் பிடிச்சுது. எங்கட குடும்பத்தில ஹொக்கியால ஒருத்தரும் சாகேல்லை. கோடை விடுமுறைக்கு அனுப்பினன். போய்ப் பாத்தா, விளக்குமாறால முற்றம் கூட்டுற மாதிரி எல்லாப் பெட்டையளும் குனிஞ்சுகொண்டு ஓடுகினம். இவளும் குனிஞ்சு ஓடினாள். பந்து கிட்ட வந்த உடன தடியை மறந்துபோனாள். கால் தன்ரபாட்டில போய் அடிச்சுது. விசில். காலில பட்டாப் பிழையாம். திரும்ப ஓடினாள், திரும்பக் கால், திரும்ப விசில். ஒரு மணித்தியாலத்துக்குள்ள விசில் ஊதின மனிசிக்கு மூச்சு வாங்கிச்சுது. "அம்மா, நான் வேணுமெண்டு அடிக்கேல்லை, கால் கேக்குதில்லை" எண்டு பிள்ளை அழுதாள். அழுதாலும் பழகிவிடுவாள் எண்டு நான் நினைச்சன்.

அதுக்குள்ள ஆவணியில அந்தப் பத்து மச்சும் முடிஞ்சு, பஸ் விட்டவளுக்குக் கணுக்கால் பிரண்டு, கோச் வேறை வழியில்லாமல் எங்கட பிள்ளையை முன்னுக்கு விட்டான். அஞ்சு மச்சில ஒன்பது கோல். பெனால்டி மட்டும் அடிக்கிறேல்லை. நீங்கள் போன நாளில இருந்து பந்தைக் கொண்டுபோய் மற்றவளின்ர கையில குடுத்துப்போடுவாள். ஏனெண்டு கேட்டாச் சொல்லமாட்டாள். போன மாதம் சீனாவில ஜேர்மன் பெட்டையள் உலகக் கப்பில வெல்லத் தொடங்கினதோட எல்லாருக்கும் பெட்டையளில கண் வந்திட்டுது. இவ்வளவு காலமும் எங்கட மைதானத்தில நாயும் மூண்டு தாய்மாரும்தான் நிக்கிறது, இப்ப கோட்டுப் போட்டவங்கள் வந்து நிக்கிறாங்கள்.

அதில ஒருத்தன் சாம்பல் கோட்டுக்காரன். மூண்டு சனிக்கிழமை தொடர்ந்து வந்தான். கொப்பியும் பென்சிலும். மற்றப் பிள்ளையளைத் திரும்பியும் பாக்கிறேல்லை, அஜிதா எந்தப் பக்கம் ஓடுறாளோ அந்தப் பக்கம் அவன்ர மூக்கும் திரும்புது. மூண்டாம் கிழமை அன்ரனிற்றா ஓடி வந்தாள்.

"அக்கா, உவன் உங்கட பிள்ளையை விசாரிக்கிறான். வயசென்ன, உயரமென்ன, தேப்பனும் உயரமோ, வருத்தம் கிருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறான்."

"நீ என்னடி சொன்னனீ?"

"உள்ளதைத்தான் சொன்னன். நல்ல குடும்பம், தேப்பன் இல்லை, தாய்க்குக் கொஞ்சம் வாய் எண்டு சொன்னன்."

போன வருசம் தமிழர் விளையாட்டு விழாவில குணேஸ்வரியக்கா மகனுக்குப் பெட்டை எடுத்த விதம் உங்களுக்குத் தெரியும். நூறு மீற்றர் ஓட்டம் பாக்க வந்தவ மாதிரி நிண்டு, வயசு, உயரம், தேப்பன்ர ஊர் எல்லாம் பக்கத்தில நிண்ட சனத்திட்ட விசாரிச்சு, பெட்டை ஓடி முடியமுன்னம் சம்மந்தத்தை முடிச்சவ. நான் வேறை என்னத்தை நினைக்கிறது? அந்த நேரம் பாத்து அவனே எனக்கு முன்னால வந்து நிண்டு கையை நீட்டுறான். "நீங்கள்தானே தாய்? உங்கட மகளை எங்களுக்குத் தாங்கோ. எங்களோடயே இருக்கட்டும். சாப்பாடு, படிப்பு எல்லாம் நாங்கள் பாக்கிறம். வீட்டை வந்து கதைக்கலாமோ?" பதினேழு வருசம் ஹோட்டலில கட்டில் விரிச்சவளுக்கு இந்தளவு டொச் பாஷை வடிவா விளங்கும். பதினைஞ்சு வயசுப் பிள்ளை! தேப்பன் செத்து ஏழு மாசம் ஆகேல்லை! நான் உங்கட குடையால போட்டன். முதல் அடி தோளில, ரெண்டாவது கண்ணாடியில. கண்ணாடி போய்க் கோலிக்குப் பக்கத்தில விழுந்துது. மச்சை நிப்பாட்டிப்போட்டு அந்த மொட்டைத்தலை நடுவர் ஓடி வந்து எனக்குச் சிவப்புக் காட் காட்டினான்.

"அக்கா, உங்களை வெளியில போகட்டாம்" எண்டாள் அன்ரனிற்றா.

"நான் விளையாடவே இல்லையேடி!"

வேலிக்கு அங்கால, சைக்கிள் விடுற இடத்தில, உங்கட கதிரையை விரிச்சு வைச்சு இருந்தன். பிள்ளை ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. மூண்டாம் நாள்தான் சொன்னாள், அவர் பெரிய கிளப்பின்ர ஆளாம், பேர் ஹெர் ஃபொக்டாம், ஊர் ஊராப் போய்க் கெட்டிக்காரப் பிள்ளையளைத் தேடிப் பிடிக்கிறதுதான் உத்தியோகமாம். பிள்ளை பிடிக்கிறதுக்கு ஒரு உத்தியோகம்! அந்த உத்தியோகக்காரன் உங்களுக்கு முன்னால அல்லோ வந்திருக்கவேணும். நீங்கள் எண்டா தோளில கை போட்டுக் கதிரையில இருத்தியிருப்பீங்கள்.

போன புதன்கிழமை அவன் வீட்டை வந்தான். கண்ணாடிக்கு பிளாஸ்ரர் ஒட்டியிருந்துது. நான் கேக்காத மாதிரி மன்னிப்புக் கேட்டன், அவன் கேட்ட மாதிரித் தலையாட்டினான். தேத்தண்ணி குடிச்சு நாலு ரோல்ஸ் சாப்பிட்டான். உங்கட படத்தைப் பாத்திட்டு, பிள்ளைக்குக் கால் தேப்பனிட்ட இருந்துதான் வந்திருக்கு எண்டான். படம் நெஞ்சு மட்டும்தான், அவனுக்குக் கால் எங்க தெரிஞ்சுது? பெண் பாக்க வந்த வீடு மாதிரியே இருந்துது, மாப்பிளைதான் இல்லை. ரெயினில ரெண்டு மணித்தியாலம் தள்ளிப் பெரிய கிளப்பின்ர விடுதியாம். கிழமைக்கு அஞ்சு நாள் அங்க, பள்ளிக்கூடமும் அங்க, சனி ஞாயிறு மச் இல்லாட்டில் வீடு. கையெழுத்து வைக்கச் சொல்லி மூண்டு பக்கப் பேப்பரை மேசையில வைச்சிட்டுப் போனான்.

பிள்ளை சொன்னாள், "அப்பா எண்டா ஓம் எண்டிருப்பார்." நான் சொன்னன், "அப்பா எண்டா, அப்பாவிட்டயே போய்க் கேள்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னன் எண்டு விளங்கிச்சுது. அவள் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். இது முடிவு. ஒருத்தரை அந்தப் பந்து கொண்டுபோட்டுது, மிச்சம் இருக்கிற ஒருத்தியையும் பெட்டி கட்டி அனுப்பச் சொல்லுறாங்கள். மூண்டு பேருக்குச் சோறு போட்டன், பிறகு ரெண்டு பேருக்குப் போடப் பழகினன். ஒராளுக்கு எவ்வளவு அரிசி போடுறது எண்டு எனக்குத் தெரியாது, பழகவும் ஏலாது. சனிக்கிழமை அங்க பிள்ளையளைச் சோதிச்சுப் பாக்கிற மச்சாம். பிள்ளையோட நானும் போய், அந்தப் பேப்பரைக் கையெழுத்து இல்லாமல் ஹெர் ஃபொக்டின்ர கையில குடுத்திட்டு வரப்போறன். திங்கக்கிழமை ஃபிறவ் லின்ட்னரிட்டச் சொல்லி ஹொக்கியில சேர்க்கப்போறன். கால் கேக்காட்டில் கேக்கப் பழகட்டும். உங்கட கதிரையையும் தொப்பியையும் நிலவறையில போட்டுப் பூட்டப்போறன். நீங்கள் அங்கயிருந்து என்ன முகம் காட்டினாலும் எனக்குத் தெரியப்போறதில்லை.

மாமியைக் கண்டால் நான் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களுக்கு முதல் போன ஆக்கள் எல்லாருக்கும் என் வணக்கம். அங்கேயும் மைதானம் இருந்தால் பனிக்குள் நிற்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். முருகன் எங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும், நேரத்தோடு காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோவம் தணியாத உங்கள்
கமலநாயகி

பி.கு.: மடிச்சு உங்கட படத்துக்குப் பின்னால வைச்ச காயிதத்தை ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்து எழுதுறன். மேல எழுதினதை வெட்ட இடம் காணாது, அப்பிடியே கிடக்கட்டும்.

சனிக்கிழமை போனன். கதிரை கொண்டுபோனன், நிண்டுகொண்டு சண்டை பிடிக்க முழங்கால் விடாது. ஐப்பசியில அப்பிடி ஒரு வெயில், கதிரைப் பைக்குள்ள கிடந்த உங்கட தொப்பியை எடுத்துப் போட்டன். முடியிறதுக்கு அஞ்சு நிமிசம் இருக்க, எங்கட பிள்ளையைத் தள்ளி விழுத்தினாளவை. பெனால்டி. மற்றவளிட்டக் குடுப்பாள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன், குடுக்கேல்லை. பந்தை வைச்சாள். நாலடி பின்னுக்கு வந்தாள். தலையை நிமித்தி என்ர கதிரையைப் பாத்தாள். தொப்பி விளிம்பு கடிச்சுது, நான் வலக் காதைச் சொறிஞ்சன். அவள் ஓடிவந்து வலப்பக்கம் அடிச்சாள், கோலி இடப்பக்கம் விழுந்து கிடக்கிறாள். பாத்தா நான் எழும்பி ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நிக்கிறன். பயந்துபோய் கெதியா இருந்து நெஞ்சைத் தொட்டுப் பாத்தன். அடிச்சுக்கொண்டுதான் இருந்துது.

ஹெர் ஃபொக்ட் குடைக்கு எட்டாத தூரத்தில நிண்டு பேனையை நீட்டினான். வைச்சிட்டன். மூண்டு பக்கத்திலயும் வைச்சிட்டன்.

திரும்பி வரேக்க ரெயினில பிள்ளை என்ர தோளில சாஞ்சுகொண்டு சொல்லுறாள், "அம்மா, அப்பா உங்களுக்கும் சொல்லித்தந்தவரோ? கோலி எந்தப் பக்கம் விழமாட்டாள் எண்டு பாத்து, அந்தப் பக்கத்துக் காதைப் பிடிப்பார். ஒருநாளும் பிழைச்சதில்லை. காட்ட ஆள் இல்லை எண்டுதான் நான் அடிக்காமல் விட்டனான். இனி அடிப்பன்." நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். தொப்பி கடிச்சது எண்டு சொல்ல வாய் வரேல்லை.

வாற சனிக்கிழமை அவளுக்குப் புது உடுப்போட முதல் மச். நான் கதிரையோட போறன். மச் முழுக்க அந்தக் கோலியையே பாத்துக்கொண்டு இருப்பன், ஆனா அவளில என்னத்தைப் பாக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. பெனால்டி கிடைச்சா பிள்ளை தலையை நிமித்தி என்னைத்தான் பாப்பாள். துரைக்குட்டி, நான் எந்தக் காதைப் பிடிக்கிறது?